ஸ்டெராலா, ஸ்டனாலா?

காரைக்குடியில் அப்பத்தாவுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியதும் டாக்டர் தாவர ஸ்டெரால், ஸ்டனால் பற்றிச் சொன்னார். இரண்டும் செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ராலைப் போன்ற பொருள்கள்; குடலில் கொலஸ்ட்ரால் சேர்வதைக் குறைப்பவை. அப்பத்தா உடனே கேட்டார்: "கொழுப்பை ஒட்டவிடாமல் தடுக்கிற பொருள், கண்ணுக்கு வேண்டிய சத்தை மட்டும் விட்டுவிடுமா?"

சரியான சந்தேகம்தான். குடலில் பித்தநீர் செய்யும் நுண்ணிய கொழுப்புத் துளிகளில் ஏறித்தான் கொலஸ்ட்ரால் உள்ளே போகிறது. ஸ்டெராலும் ஸ்டனாலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அப்பத்தா சொன்ன கண்ணுக்கான சத்தான பீட்டா கரோட்டினுக்கும் அதே வண்டிதான் என்பதால், ரத்தத்தில் அதன் அளவு இரண்டிலுமே கொஞ்சம் இறங்குகிறது. வைட்டமின் ஏ, டி, கே ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வைட்டமின் ஈ, எல்.டி.எல். எனும் 'கெட்ட' கொலஸ்ட்ரால் துகள்களில் பயணிப்பது; எல்.டி.எல். குறைந்தால் அதுவும் குறைந்ததுபோலத் தெரியும்.

தினம் 2 கிராம் எடுத்தால் இரண்டுமே எல்.டி.எல்.லைச் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறைக்கும். வித்தியாசம் வேறிடத்தில். ஸ்டெரால் சிறிதளவு ரத்தத்தில் சேரும், ஸ்டனால் அதைவிட மிகக் குறைவு. பரம்பரையாக ஸ்டெரால் உடம்பில் தேங்கும் அரிய நோய் உள்ளவர்கள் இரண்டையும் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு எது கிடைக்கிறதோ, எது விலை கட்டுப்படியாகிறதோ அதுவே போதும் என்பது என் எண்ணம்.

நல்லெண்ணெயிலும் ஸ்டெரால் உண்டுதான். ஆனால் 2 கிராமுக்குக் கால் லிட்டராவது குடிக்க வேண்டும்! அப்பத்தா இப்போது மதியத்தில் மஞ்சள் பரங்கிக்காயோ முருங்கைக்கீரையோ ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார். இறங்கிய கரோட்டின் அதில் ஈடாகிவிடும்.