கொசுவலையா லிக்விடா, ஜெல்லா ஸ்பிரேயா? கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு எது சரி?

மருந்தே வேண்டாம் என்று கொசுக்கடியைச் சகித்துக்கொள்வதும் ஆபத்துதான். கர்ப்பத்தில் டெங்கு வந்தால் ரத்தப்போக்கு, குறைப்பிரசவம் என்று சிக்கல் கூடும். மலேரியாவும் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கும். அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்று நான் பார்ப்பதில்லை. மருந்து மூச்சோடு உள்ளே போகுமா, போட்ட இடத்திலேயே கிடக்குமா என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் கொசுவத்திச் சுருளுக்குக் கடைசி இடம். மலேசிய, சீனச் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமாம். "அப்போ வேப்பிலைப் புகை போடுங்களேன், இயற்கைதானே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேப்பிலையோ சாம்பிராணியோ, நுரையீரலுக்கு எல்லாம் புகைதான்.

லிக்விடில் புகை இல்லை, அந்த மட்டில் சுருளைவிட மேல். ஆனால் அதிலிருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்ற கொசு மருந்து காற்றில்தான் கலக்கிறது. ஏசி போட்டு மூடிய அறையில் விடிய விடிய ஓடவிடுவது எனக்கு உடன்பாடில்லை. சாயங்காலம் கர்ப்பிணி வேறு அறையில் இருக்கும்போது கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிட்டு, கம்பிவலை அடித்த சன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

இரவுக்குக் கொசுவலையை மிஞ்ச எதுவும் இல்லை. மலேரியா உள்ள பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு மருந்தூட்டிய வலையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மருந்து நூலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். வலைக்குள் உட்கார்ந்து காய் நறுக்க முடியுமா? அங்கேதான் கிரீம். தாய்லாந்து-மியான்மர் எல்லையில் 897 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், பாதிப் பேர் நான்காம் மாதத்துக்குப் பிறகு தினமும் 20 சதவீத டீட் என்ற கொசுவிரட்டி மருந்தைப் பூசினார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் குழந்தைகளிடம் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் நம் கடைகளில் உள்ள எல்லாக் கிரீமிலும் டீட் இருக்காது. டையெத்தில் பென்சமைடு என்ற வேறு கொசுவிரட்டி போட்டவையும் உண்டு. லேபிளைப் படித்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, கரப்பான். ஸ்பிரே அடித்தால் கண்ணெதிரே மல்லாந்து விழும். அந்தத் திருப்திக்காகத்தான் வாங்குகிறோம். மருந்துப் படலமோ சமையல் மேடையிலும் தட்டிலும் படியும், சுவர் இடுக்கில் இருக்கும் குடும்பம் அப்படியே இருக்கும். ஜெல் நிதானமான ஆள். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் கலந்த ஜெல்லை உளுந்தளவு, அலமாரிக் கீல், ஃபிரிட்ஜின் பின்புறம், சிங்குக்கு அடியில் என்று புள்ளி வைப்பார்கள். தின்ற பூச்சி இருப்பிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்னும் மற்றதும் சாகும். சில நாள் பொறுக்க வேண்டும். அந்தப் பக்கமே ஸ்பிரே அடித்தால் பூச்சி ஜெல்லைத் தொடாது, காசு தண்டம்.

நியூயார்க்கில் கர்ப்பிணிகள் வீடுகளில் ஓட்டையை அடைத்து, சுத்தம் செய்து, வீரியம் குறைந்த மருந்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவுப்படி கரப்பானும் குறைந்தது, ஸ்பிரேக்களில் சேர்க்கும் பைப்பரோனில் பியூட்டாக்சைடு வீட்டுக் காற்றிலும் குறைந்தது.

போரிக் பவுடரில் மைதாவும் சர்க்கரையும் பிசைந்து உருட்டும் கைவைத்தியம் சாதுவாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குக் கேடான பட்டியலில் வைத்திருக்கிறது. ஜெல் இருக்கும்போது அது எதற்கு?

பெஸ்ட் கண்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டால் "ஜெல் மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ஹெர்பல்' என்றால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தின் பெயர் இருந்தால் அப்படியே அனுப்பிவிடலாம். 2020 முடிவோடு இந்தியாவில் தடையானது அது. கரையானுக்கு மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் கர்ப்பிணி அம்மா வீட்டுக்குப் போய்விடட்டும். வாடை போய், தரையைத் துடைத்த பிறகு வரலாம். எலிக்குப் பொறிதான். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

அந்துருண்டையை யாரும் பூச்சிமருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கும் பழைய குழந்தைத் துணிகளையும் தொட்டில் சேலையையும் இப்போதே எடுத்து, நன்றாகத் துவைத்து, நெடி அடங்கும்வரை வெயிலில் போடுங்கள். இந்த வேலை வீட்டுக்காரருக்கு.