கம்ப்ரெசரில் டியூப் மாற்றிய பிறகு: ஒரு சேலத்து வீட்டு ஸ்டுடியோவின் அனுபவம்

என் வீட்டு ஸ்டுடியோவில் உள்ள இரண்டு சேனல் ஆப்டோ கம்ப்ரெசரின் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டியூப்களை, அதாவது வால்வுகளை, மாற்றி இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. மாற்றிய வாரத்திலேயே எழுதியிருந்தால் புது மோகத்தில் மிகையாகப் புகழ்ந்திருப்பேன். ஆடிப் பண்டிகைக்கான மாரியம்மன் பாடல்களும் பம்பை, உடுக்கை ஒலிப்பதிவுகளும் அதன் வழியாகச் சென்ற பிறகு நிதானமாகச் சொல்ல முடிகிறது.

டியூப் மாற்றினால் கம்ப்ரெஷனே வேறு மாதிரி ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது கருவியின் அமைப்பைப் பொறுத்தது. பழைய ஃபேர்சைல்ட் 670 போன்ற கருவிகளில் ஒலியின் அளவைக் குறைப்பதே டியூப்கள்தான். அங்கே டியூப் மாறினால் குணமும் மாறும். 1960-களில் வந்த டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ வழியைப் பின்பற்றும் ஆப்டோ கருவிகளில், ஒளியும் அந்த ஒளிக்கேற்ப மின்தடை மாறும் செல்லும் சேர்ந்து அளவைக் குறைக்கின்றன. என் கருவியில் டியூப்பின் வேலை, குறைந்துபோன ஒலியை மீண்டும் உயர்த்தித் தருவது மட்டுமே. ஆகவே அட்டாக் (அளவைக் குறைக்கத் தொடங்கும் வேகம்), ரிலீஸ் (குறைப்பதை விடும் வேகம்) ஆகியவற்றில் எந்த மாற்றத்தையும் நான் கேட்கவில்லை. கேட்பதாகச் சொல்பவர்களை நம்பவும் தயங்குகிறேன்.

மாறியது இரைச்சலும் கெய்ன் அளவும், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவும். கருவியோடு வந்த 12ஏஎக்ஸ்7 டியூப்களின் பெருக்கக் காரணி 100. பம்பையின் அடி வரும்போது அவுட்புட் குமிழைச் சற்றே திருப்பினாலும் அளவு எகிறியது. குமிழின் முதல் கால் பகுதியிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடும். நான் மாற்றிப் போட்ட, அதே ஒன்பது பின் இணைப்பு கொண்ட 5751 டியூப்பின் காரணி ஏறக்குறைய 70 என்பதால், கணக்குப்படி சுமார் 3 டெசிபல் குறைய வேண்டும். நடைமுறையிலும் அதற்கு நெருக்கமாகவே குறைந்தது. குமிழை இப்போது நடுப்பகுதியில் வைத்து நுணுக்கமாகத் திருத்த முடிகிறது. பெண்குரலில் ‘ச’, ‘ஷ’ ஒலிகளின் ஓரத்தில் இருந்த கரகரப்பும் தணிந்திருக்கிறது. ஆனால் 5751-இன் ஹீட்டர் (டியூப்பைச் சூடேற்றும் இழை) சற்றுக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும்: 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியருக்குப் பதில் 350. டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகே பொருத்த வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் வால்வு ரேடியோ பழுது பார்த்த பெரியவர் ஒருவர், “தம்பி, பேரப் பாத்து வாங்காதீங்க, தட்டிப் பாத்து வாங்குங்க” என்றார். கருவி ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டினால், கெட்ட டியூப் ஹெட்ஃபோனில் கிண்ணென்று மணிபோல் ஒலிக்கும்; நல்லதில் மந்தமான ஒரு தட்டல் மட்டுமே கேட்கும். பழைய சரக்கு என்று அதிக விலைக்கு இணையத்தில் வாங்கிய ஒரு ஜோடி இந்தச் சோதனையில் தேறவில்லை. பெரியவர் பெட்டியில் வைத்திருந்த ஒற்றை இசிசி83, அதாவது ஐரோப்பியப் பெயரில் அதே 12ஏஎக்ஸ்7, நான் கேட்டவற்றிலேயே மிக அமைதியானது. 1961-இல் ரேடியோ வால்வு தயாரிப்பில் இறங்கிய பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸின் சரக்கு அது. ஜோடி கிடைக்காததால் அது உதிரியாகவே இருக்கிறது.

ஜோடி என்பது இரண்டு சேனலையும் ஸ்டீரியோவாக இணைப்பவர்களுக்கு முக்கியம். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் ஒரே அளவில் அனுப்பி, கணினியில் மீட்டரைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். என் ஜோடி இன்றும் அரை டெசிபலுக்குள் நிற்கிறது.

சேலத்துக் கோடையில் ஏசி இல்லாத அறையில், கருவிகளை அடுக்கியிருக்கும் ரேக்குக்குள் வெப்பம் தேங்குகிறது. கம்ப்ரெசருக்கு மேலே ஓர் இடத்தைக் காலியாக விட்டேன். மாலையில் மின்னழுத்தம் இறங்குவதால் ஸ்டெபிலைசரும் வைத்தேன். டியூப் நீடிக்க இவை இரண்டும் எந்தப் பிராண்டையும்விட அதிகம் உதவுகின்றன என்பது என் கணிப்பு. மூடியைத் திறப்பவர்கள் பிளக்கைக் கழற்றி, கப்பாசிட்டர்கள் மின்சாரத்தை இழக்கும் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கக்கூடும். விலை குறைந்த சில கருவிகள் டியூப்பை மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டுகின்றன. அவற்றில் விலையுயர்ந்த டியூப்பைப் போடுவது வீண் செலவு.

ஏற்காட்டில் இருக்கும் நண்பர் இதே வகைக் கருவியில் படபடவென்று வெடிப்புச் சத்தம் வருவதாகச் சொல்லிப் புது டியூப்களுக்குப் பணம் எடுத்து வைத்திருந்தார். மழைக்காலத்து மூடுபனியின் ஈரத்தில் பின்கள் கறுத்திருந்தன. கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, டியூப்பைச் சாக்கெட்டில் சில முறை ஏற்றி இறக்கியதில் வெடிப்பு நின்றது. பழைய டியூப்களிலேயே அவர் இன்னும் பதிவு செய்கிறார்.