ஊட்டியில் செவ்வந்திக்கல் மோதிரம்: 8,500 ரூபாய் பாலில் கரைந்த கதை

இன்று காலை எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் பால் ஊதாவாகக் கிடந்தது. அடியில் 8,500 ரூபாய் மோதிரம். அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குன்னூர். போன ஞாயிறு ஊட்டியில், சேரிங் கிராஸிலிருந்து சற்றுத் தள்ளி, ராசிக்கல் விற்கும் கடை ஒன்றுக்குள் போனேன். தம்பிக்குக் குடிப்பழக்கம். வெளியே சொல்கிற விஷயமில்லை. ஆனால் கடைக்காரர் விசாரித்த விதத்தில் கொட்டிவிட்டேன். "அக்கா, இந்தச் செவ்வந்திக்கல்லோட இன்னொரு பேர் அமெதிஸ்ட். அதுக்குக் கிரேக்க மொழியில் 'போதை ஏறாதது'ன்னே அர்த்தம். நீலம் வாங்க முடியாதவங்க சனிக்கும் இதைத்தான் போடுவாங்க" என்றார். (பெயருக்கு அர்த்தம் அதுதான். அதை மட்டும் பொய் சொல்லவில்லை.) டீ வரவழைத்தார். கல்லை என் உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்து, "என் கூடப்பிறந்தவளுக்குன்னாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். பேரம்கூடப் பேசாமல் 8,500 அனுப்பினேன்.

வெள்ளி ராத்திரி பாலில் போட்டு, சனி காலையில் விரலில் போடச் சொன்னதும் அவரேதான்!

தெரிந்த ஆசாரி லென்ஸில் பார்த்தார். "ஸ்படிகம்தான்மா. சுடவெச்சு சாயத்தில் முக்கியிருக்காங்க. விரிசலுக்குள்ள சாயம் உக்காந்திருக்கு பார்." அசல் கல்லில் ஊதா நிறம் உள்ளேயே இருக்கும் இரும்பால் வருவது, பாலுக்கெல்லாம் இறங்காது. பிரேசிலில் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டிலேயே அதன் விலையும் சரிந்துவிட்டதாம். அப்படிப்பட்ட கல்லின் போலிக்கு 8,500!

கடைக்குப் போன் போட்டேன். முதலில், "பால் சரியில்லைக்கா." அப்புறம், "உங்க வீட்டு தோஷத்தைக் கல் இழுத்துடுச்சு, நல்லதுதான்." மூன்றாவது முறை வேறொரு பையன்: "முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கார். பில்லைப் பாருங்க மேடம்." பார்த்தேன். 'பேன்சி கல் மோதிரம், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' காலையில் அக்கா, மத்தியானம் மேடம். நான்காவது முறை யாரும் எடுக்கவில்லை.

கல் வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. பில்லில் 'இயற்கை அமெதிஸ்ட்' என்று எழுதச் சொல்லுங்கள். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், சாயமேற்றியது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'வெயிலில் வைத்தால் சக்தி ஏறும்' என்றால் நம்பாதீர்கள், அசல் கல்லே நாள்பட்ட வெயிலில் வெளுக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி ஊட்டிக்குப் பஸ் ஏறுகிறேன். அந்தப் பாலைப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். திரிந்தாலும் நிறம் இருக்குமல்லவா?