கீபோர்டை சர்வீஸுக்குக் கொடுக்கப் போறீங்களா? என் 9,400 ரூபாயைக் கேட்டுட்டுப் போங்க

மெல்லிசைக் குழு, சர்ச், பஜனைன்னு கீபோர்டு வாசிச்சுப் பிழைக்கிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. நேத்து ராத்திரிதான் எனக்கு முழு விஷயமும் விளங்குச்சு. கோபத்துல எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. போனது 9,400 ரூபாய். ஒரு கச்சேரிக்கு என் கைக்கு வர்றது 2,500. கணக்குப் போட்டுக்குங்க, ஏறக்குறைய நாலு ராத்திரி கண்ணு முழிச்ச காசு.

கடை பேரு போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க. திருச்சியில ஒரு இசைக்கருவிக் கடை. முன்னாடி கிடாரும் தபலாவும் தொங்கும், பின்னாடி சின்ன ரூம்ல சர்வீஸ். அவ்வளவுதான் சொல்ல முடியும். பேரைப் போட்டா வம்பு வரும்னு எங்க குழு மாஸ்டர் சொல்லிட்டாரு.

என்னோடது 61 கீ சின்த், வாங்கி 11 வருஷம். போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை, தெரிஞ்ச தம்பி ஒருத்தனோட ஸ்டுடியோவுல அம்மன் பாட்டு ஒண்ணு ரெக்கார்டிங். கீபோர்டை அவன் லேப்டாப்ல கோத்து வாசிச்சேன், முடிஞ்சுது, வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை காலையில ஆன் பண்ணினா எல்லா லைட்டும் எரியுது, ஸ்கிரீன்ல டோன் பேரு வருது, கீயை அமுக்கினா மூச்சே இல்ல. வால்யூம் பாத்தாச்சு, பெடலைக் கழட்டியாச்சு, கேபிள் மாத்தியாச்சு, ஹெட்போன் போட்டாச்சு. ஒண்ணும் இல்ல. ஆனா உள்ளயே இருக்குமே டெமோ பாட்டு, அது மட்டும் கணீர்னு ஓடுச்சு. இதை மனசுல வெச்சுக்குங்க. அன்னிக்கு நான் வெச்சுக்கல. வெள்ளிக்கிழமை துறையூர் பக்கம் ரிசப்ஷன், எனக்கு அந்த பயம்தான்.

கடையில இருந்த பையனைப் பாத்ததும் நம்பிட்டேன், அதை ஒத்துக்கணும். கீபோர்டைக் கவுக்குறதுக்கு முன்னாடி மேசையில துண்டு விரிச்சான். வெறும் சிமெண்ட் தரையில கவுத்துப் போட்டு நாப் எல்லாத்தையும் நசுக்கினவங்களை நான் பாத்திருக்கேன், அதனால அந்தத் துண்டே எனக்குப் பெரிசாத் தெரிஞ்சுது. பக்கத்துல கிடந்த ஆர்மோனியத்துல மோகனத்துல ரெண்டு வரி வாசிச்சான், சுத்தமா. அப்புறம், “வாத்தியக்காரங்ககிட்ட லாபம் பாத்தா எனக்குச் சோறு செரிக்காதுண்ணே”ன்னான். டீ வேற வாங்கிக் கொடுத்தான். அதுக்கு மேல என்ன வேணும் எனக்கு?

“கீ காண்டாக்ட் போர்டு போயிருச்சுண்ணே. போர்டு 7,900, கூலி 1,500.”

“டெமோ பாட்டு ஓடுதே தம்பி?”

“அது வேற சிப்புண்ணே.”

“மெமரி எதுவும் போகாதுல்ல? என் செட்டிங் எல்லாம் உள்ள இருக்கு.”

“ஒரு டோன் அசையாது. நான் பொறுப்பு.”

நான் பொறுப்புன்னு சொன்னான். இன்னும் காதுல கேக்குது.

உள்ள என்ன இருந்துச்சுன்னு கீபோர்டுகாரங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். 43 பெர்பார்மன்ஸ், அதாவது டோனை அடுக்கி நானே சேவ் பண்ணி வெச்ச செட்டிங். அதுல ஒரு நாதஸ்வரம் இருந்துச்சு பாருங்க, அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ஜிஎம்னு எல்லா கம்பெனி கீபோர்டுக்கும் பொதுவா ஒரு டோன் பட்டியல் உண்டு, அதுல நாதஸ்வரம் கிடையாது, 112-ஆம் நம்பர்ல ஷெனாய்தான் உண்டு. அது நம்ம ஊருக்கு மெலிஞ்ச சத்தம். அதுக்குக் கீழ ஒரு ஓபோவை 6 சென்ட் (ஒரு செமிடோன்ல நூத்துல ஆறு பங்கு) தள்ளி அடுக்கினேன், அப்பத்தான் சீவாளி அதிர்ற மாதிரி ஒரு கரகரப்பு வரும். ஒரு நேரத்துல ஒரு நோட்டு மட்டும் வர்ற மோனோவுல போட்டு, நோட்டுக்கு நோட்டு வழுக்குற போர்டமென்டோவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இழுப்பு எட்டணும்னு பிட்ச் பெண்டை ரெண்டு செமிடோன்லேர்ந்து மூணாக்கினேன். அட்டாக்கை, அதான் சத்தம் எழும்புற நேரத்தை, ஒரு மயிரிழை தள்ளி வெச்சேன், ஊதுறவர் மூச்சு எடுக்கிற நேரம் அது. தகர ஷீட் போட்ட மண்டபத்துல எதிரொலி ஏற்கெனவே இருக்கும்னு ரிவெர்பைக் குறைச்சு தனியா ஒண்ணு, திறந்த மைதானத்துக்கு ஏத்தி தனியா ஒண்ணு. மேளக்காரங்க வண்டி வந்து சேராத ஒரு முகூர்த்தத்துல இந்த டோனை வெச்சுத்தான் தாலி கட்ட வெச்சோம்.

மத்ததெல்லாம் இடது கைக்கு பேஸ், வலது கைக்கு புல்லாங்குழல்னு பிரிச்சு வெச்சது, எந்தப் பாடகிக்கு எந்தச் சுருதின்னு டிரான்ஸ்போஸோட சேத்து வெச்சது. அப்படி 43.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனேன். கீயை அமுக்கினான், பியானோ சத்தம் வந்துச்சு. வேன் வெளிய ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்குது. போன்லயே 9,400 அனுப்பிட்டு ஓடினேன். பில் கேக்கல. உள்ள போயி என் செட்டிங் இருக்கிற யூசர் பேங்க்ல ஒண்ணே ஒண்ணைத் தட்டிப் பாத்திருக்கலாம், அதுவும் செய்யல.

மண்டபத்துல ஏழு மணிக்கு, சவுண்ட் செக் அப்போ முதல் பட்டனைத் தட்டினா “இனிட்”, அதாவது காலி. அடுத்ததும் இனிட். 43-ம் இனிட். அன்னிக்கு ராத்திரி பூரா கம்பெனி பியானோவையும் ஸ்ட்ரிங்ஸையும் வெச்சு ஒப்பேத்தினேன். பாட வந்த பொண்ணு முதல் பல்லவியிலயே சுருதி எட்டாம என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள்லேர்ந்து போன். “டெக்னீஷியன் லீவுண்ணே.” ஞாயிறு கடை லீவு. திங்கள், “மெமரி பேட்டரி வீக்கா இருந்திருக்கும்ணே.” டேய், சிஆர் 2032 பேட்டரி போட்டு மெமரியைக் காப்பாத்துனது பழைய தலைமுறைக் கருவிகள்டா. என்னோடது பிளாஷ் மெமரி, அந்தப் பேட்டரியே கிடையாது. சரி, கழட்டின பழைய போர்டைக் கொடுன்னேன். “ஸ்கிராப்புக்குப் போயிருச்சு.” பில்? “அதான் போன்ல அனுப்பினீங்களே, அதுவே பில்லுதானே.” செவ்வாய்க்கிழமை முதலாளி பேசினாரு, ரொம்ப மரியாதையா: “நீங்க பேக்கப் எடுத்து வெச்சிருக்கணும் சார்.” அதுக்குப் பதில் சொல்ல வாய் வரல. ஏன்னா 2019-ல ஒரு பென் டிரைவ்ல எடுத்ததுதான் கடைசி, அதுல 17 தான் இருக்கு, நாதஸ்வரம் இல்ல.

இது வரைக்கும் கூட போர்டு மாத்தும்போது தவறிப்போச்சுன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். நேத்து சாயங்காலம் அந்த ஸ்டுடியோ தம்பி போன் பண்றான். “அண்ணே, அன்னிக்கு லோக்கலை ஆப் பண்ணினேன், திருப்பி ஆன் பண்ணினேனான்னு ஞாபகம் இல்ல.”

லோக்கல்னா, கீக்கும் உள்ள இருக்கிற சவுண்டுக்கும் நடுவுல ஒரு பாலம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற மொழி மிடி, அதுல 122-ஆம் நம்பர் கன்ட்ரோல். லேப்டாப்ல கோக்கும்போது ஒரே நோட்டு ரெண்டு தடவை கேக்கும், அதனால அதை ஆப் பண்ணிட்டு லேப்டாப் வழியா சுத்தி வர விடுவாங்க. ஆப்லயே சேவ் பண்ணிட்டான். அப்புறம் கீ அமுக்கினா எப்படிச் சத்தம் வரும்? டெமோ பாட்டு கீ வழியா வர்றதில்ல, அதனால அது பாட்டுக்கு ஓடும். நான் டோன் செட்டிங்ல கிடந்து உருள்றவன், மிடி மெனு பக்கமே போனதில்ல. தம்பி மேல கோபம் இல்ல. சரி, கொஞ்சம் இருக்கு.

அவன் வீட்டுக்கே வந்தான். ரெண்டு பேரும் அடித்தட்டைக் கழட்டினோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ரப்பர் காண்டாக்டை நானே துடைச்சப்போ, வரிசை மாறக் கூடாதுன்னு ஒவ்வொரு பட்டைக்கும் அதுக்கு நேரா போர்டுலயும் எம் பொண்ணோட நெயில் பாலிஷால சிவப்புப் பொட்டு வெச்சிருந்தேன். பொட்டு எல்லாம் அப்படியே இருக்கு. போர்டு மேல என் வீட்டுத் தூசியே இருக்கு. 7,900 ரூபாய்ப் புதுப் போர்டுல என் பொண்ணு நெயில் பாலிஷ் எப்படிடா வந்துச்சு?

உறுதிப்படுத்திக்க லோக்கலை மறுபடி ஆப் பண்ணிப் பாத்தோம். புதன்கிழமை காலையில இருந்த அதே மவுனம். ஆன் பண்ணினோம், சத்தம் வந்துச்சு. கடைப் பையன் பண்ணினது பேக்டரி ரீசெட், அவ்வளவுதான். அதுல லோக்கல் தானா ஆன் ஆயிருச்சு, என் 43-ம் துடைச்சுக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு நிமிஷ வேலைக்கு 9,400 ரூபாய்.

பொட்டைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. அதுக்கப்புறம் என் நம்பர் பிளாக். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் போட்டிருக்கேன், பணம் போன ரசீதோட ஸ்கிரீன்ஷாட்டைத்தான் ஆதாரமா வெச்சிருக்கேன். நாளைக்கு மாஸ்டரைக் கூட்டிக்கிட்டு கடைக்கே போறேன்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது பத்துன்னு எழுதத்தான் உக்காந்தேன். பொறுமை இல்ல. பேக்கப் எடுங்க, இன்னிக்கே, பென் டிரைவ்ல எடுத்து வேற ஒரு இடத்துலயும் காப்பி வைங்க. டெமோ ஓடி கீ மட்டும் ஊமையா இருந்தா முதல்ல லோக்கல் ஆன்ல இருக்கான்னு பாருங்க. மாத்தின பழைய பாகத்தைக் கையில வாங்காம காசு கொடுக்காதீங்க, பில்லும்தான். உள்ள ஒரு பொட்டு வெச்சு அனுப்புங்க. அவ்வளவுதான் இப்போதைக்கு.

மணி ரெண்டரை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஒண்ணு இருக்கு. ஷெனாயும் ஓபோவும் அடுக்கியாச்சு, 6 சென்ட் தள்ளியாச்சு. அந்த அட்டாக் எவ்வளவு வெச்சிருந்தேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது.