ஷாம்போரா, ஷெனோன்சோவா, ப்ளுவாவா? லுவார் ஆற்றங்கரைக்கு ஒரே நாள் ஒதுக்குபவர்களுக்கு

பாரிஸுக்கு வருகிறவர்கள் பலரும் பயணத்திட்டத்தின் கடைசியில் "லுவார் அரண்மனைகள், ஒரு நாள்" என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த ஒரு நாளில் நான்கு அரண்மனைகளைச் சுற்றிக் காட்டும் பேருந்துச் சுற்றுலாக்களும் உண்டு. நான்கின் வாசலிலும் படம் எடுக்கலாம், ஒன்றையும் சரியாகப் பார்க்க முடியாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கார் இருந்தால் ஷாம்போர், ரயிலை நம்பி வந்தால் ஷெனோன்சோ, கட்டடத்தைவிட அரசியல் வரலாறு பிடிக்கும் என்றால் ப்ளுவா.

ஷாம்போரின் பலம் அதன் அளவு. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் தொடங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட அறைகள். சுற்றியுள்ள 5,440 ஹெக்டேர் காட்டை 32 கிலோமீட்டர் மதில் வளைத்து நிற்கிறது. இத்தனையும் வேட்டைக்கு வந்து தங்குவதற்காக! முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட மன்னர் இங்கே தங்கிய நாட்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டரை மாதம் தேறாது. அவர் வரும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் கூடவே வரும், போகும்போது திரும்பிப் போய்விடும். அதனால்தான் இன்றைக்கும் பல அறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அலங்கரித்த அந்தப்புரத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நடுக்கூடத்தின் இரட்டைச் சுழல் படிக்கட்டு. ஒரே தூணைச் சுற்றி இரண்டு தனித்தனிப் படிவரிசைகள் மேலேறுகின்றன. ஒருவர் இதிலும் மற்றவர் அதிலும் ஏறினால், நடுத்தூணின் திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போகலாம், படியில் மட்டும் சந்திக்க முடியாது. இதை லியனார்டோ டாவின்சி வரைந்தார் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அதற்கு ஆவணம் கிடையாது. அவர் இதே ஆற்றங்கரையிலுள்ள அம்புவாஸ் ஊரில் இறந்தது 1519 மே மாதம், இங்கே வேலை தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். அவருடைய யோசனையின் சாயல் இருக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, மொட்டைமாடி. புகைபோக்கிகளும் கோபுரங்களும் ஒரு சிறு ஊர்போல நெருக்கியடித்து நிற்கும். மாடிக்கு ஏறாமல் திரும்புவதானால் ஷாம்போருக்குப் போகவே வேண்டாம். 1939-இல் போர் மூண்டபோது லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை, மோனாலிசா உட்பட, முதலில் கொண்டுவந்து வைத்ததும் இந்த அரண்மனையில்தான்.

சிக்கல் போக்குவரத்து. ரயில் நிலையத்தின் பெயர் "ப்ளுவா–ஷாம்போர்" என்றிருக்கிறதே என்று நம்பி இறங்கினால், நீங்கள் நிற்பது ப்ளுவா ஊருக்குள். ஷாம்போர் அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர். சுற்றுலாப் பருவத்தில் பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில நடைகள்தான். டாக்சியில் போனால் திரும்பும் வண்டியையும் அப்போதே பேசிவிடுங்கள், அரண்மனை வாசலில் வண்டி காத்துக்கிடக்காது. சைக்கிள் மிதிக்கத் தயங்காதவர்களுக்கு வழி சமதரை, நல்ல பாதை.

ஷெனோன்சோ எல்லாவகையிலும் இதற்கு எதிர். ஷேர் ஆற்றின் குறுக்கே, தண்ணீர்மேல் நிற்கும் வீடு. இதைக் கட்டியதிலும் காத்ததிலும் பெண்களின் கை அதிகம். கணவர் போர்க்களங்களில் இருக்க, 1513 முதல் கட்டுமானத்தைக் கவனித்தவர் காத்தரீன் பிரிசோனே. இரண்டாம் ஹென்றி இதைத் தன் காதலி டயான் த புவாத்தியேவுக்குக் கொடுத்தார், ஆற்றின்மேல் பாலம் போட்டவர் டயான். 1559-இல் மன்னர் இறந்ததும் அரசி கேத்தரின் டி மெடிசி டயானை ஷோமோன் அரண்மனைக்கு மாற்றிவிட்டு, அந்தப் பாலத்தின்மேலேயே 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். போட்டிபோட்ட இருவரின் தோட்டங்களும் முன்னால் ஆளுக்கொரு பக்கம் இருக்கின்றன, பெரியது டயானுடையது.

முதல் உலகப்போரில் அந்தக் கூடம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை. இரண்டாம் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடானது. முன்வாசல் ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதியில், கூடத்தின் தென்கதவு மறுபக்கத்தில். அந்தக் கதவு திறந்திருந்தால் வெளியே போய் எதிர்க்கரையிலிருந்து பாருங்கள், படத்துக்கு அதைவிட நல்ல இடமில்லை. சமையலறையைத் தவறவிடாதீர்கள். பழைய ஆலையின் அடித்தூண்களுக்குள், நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. சாமான்கள் படகில் வந்து நேராக உள்ளே இறங்கிய துறையையும் பார்க்கலாம்.

இங்கே தொல்லை கூட்டம்தான். கூடத்தின் அகலம் 6 மீட்டரே என்பதால் நடுப்பகலில் இரண்டு சுற்றுலாக் குழுக்கள் சேர்ந்து நுழைந்தால் தள்ளுமுள்ளு. திறந்தவுடன் போங்கள், அல்லது மாலையில். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து அதிவேக ரயிலில் சேன் பியேர் தே கோர், அங்கிருந்து உள்ளூர் ரயில். நிலையத்திலிருந்து நுழைவாயில் சில நிமிட நடை. உள்ளூர் ரயில்கள் அடிக்கடி கிடையாது, திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்டே உள்ளே போகவேண்டும்.

ப்ளுவாவை அனேகமாக எல்லாரும் ஷாம்போருக்குப் போகும் வழியில் தாண்டிவிடுகிறார்கள். அது அநியாயம். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம்போல, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று திரும்பினால் நான்கு காலத்துக் கட்டடக்கலை: 13-ஆம் நூற்றாண்டு மன்றக்கூடம், பன்னிரண்டாம் லூயியின் செங்கல் பகுதி, பிரான்சுவாவின் திறந்த சுழல்படி, 1630-களில் மன்னர் பதின்மூன்றாம் லூயியின் தம்பி காஸ்தோன் கட்டிய செவ்வியல் பகுதி. கடைசியது அரைகுறையாக நிற்பதற்குக் காரணம் உண்டு. 1638-இல் பிற்காலத்துப் பதினான்காம் லூயி பிறந்தார். பட்டத்துக்கு வாரிசு என்ற நிலையைக் காஸ்தோன் இழந்தார், கூடவே பணமும் நின்றது. மேல்மாடி அறையில்தான் 1588 டிசம்பர் 23 அன்று மூன்றாம் ஹென்றி தன் எதிரி கீஸ் பிரபுவைக் காவலர்களை வைத்துக் கொன்றார். கேத்தரின் டி மெடிசி இறந்ததும் அடுத்த இரண்டு வாரத்துக்குள் இங்கேதான்.

இரண்டைச் சேர்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் ஷெனோன்சோவும் அம்புவாஸும் பக்கத்தில் இருக்கும், காரில் சுலபம். ரயில் பாதைகளோ வேறு வேறு, சேன் பியேர் தே கோர் வந்து மாறித்தான் ஆகவேண்டும். ரயிலில் எளிதாக இணைவது ப்ளுவாவும் அம்புவாஸும், இரண்டும் ஒரே பாதை. லியனார்டோவின் கல்லறை அம்புவாஸ் அரண்மனைத் தேவாலயத்தில். அங்கே நிலையம் ஆற்றின் வடகரையில், அரண்மனை தென்கரையில், பாலம் கடந்து இருபது நிமிடம் நடக்கவேண்டும்.

வில்லாண்ட்ரி என்ற இன்னொரு அரண்மனை இந்தப் போட்டியில் இல்லை, அங்கே போவது தோட்டத்துக்காக. ஒன்பது சதுரங்களில் காய்கறிகளை வண்ணம் பார்த்து நடுகிறார்கள், ஆண்டுக்கு இரண்டு நடவு. கோடையும் இலையுதிர் காலத் தொடக்கமும் நல்ல சமயம், குளிர்காலத்தில் போனால் மண்பாத்திகளைத்தான் பார்க்கலாம்.