சினை பார்க்காமல் போட்ட பருவ ஊசியால் கன்றை இழந்தோம்

உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படிப்பதோடு, படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஜெர்சி கலப்பின மாட்டுக்குச் சித்திரையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டோம். அதன்பின் அது பருவத்துக்கு வரவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குள் மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்று சினைப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். காட்டு வேலையைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட்டது எங்கள் தவறு. 100 நாள் கடந்த நிலையில் ஒரு காலையில் மாடு கத்தியது. பருவத்தில் வழியும் சளி போன்ற வழும்பும் சிறிது தெரிந்தது.

ஊர் ஊராக வண்டியில் சென்று ஊசி போடும் ஒருவரை அழைத்தோம். அவர் கையுறை போட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியாகச் சினை ஊசி போட்டது எப்போது என்றுகூடக் கேட்கவில்லை. "சினை நிக்கலக்கா, இந்த ஊசியப் போட்டா மூணு நாள்ல பருவத்துக்கு வந்துரும்" என்று சொல்லி, 2 மில்லி மருந்தை ஏற்றி, 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் விடியலில் மாடு கன்று வீசியிருந்தது, அதாவது சினை கலைந்து கன்று வெளியே விழுந்திருந்தது. ஏறத்தாழ ஒரு சாண் நீளம். நஞ்சுக்கொடியும் முழுதாக விழவில்லை.

தொழுவத்தில் அவர் போட்டுச் சென்ற குப்பியுடன் அரசு கால்நடை மருத்துவரிடம் போனபோதுதான், அது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் வகையைச் சேர்ந்த குளோப்ரோஸ்டினால் என்ற மருந்து என்று தெரிந்தது. சினைமுட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் மஞ்சள் நிறத் திரள் ஒன்று உருவாகி, சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. சினை பிடிக்காத மாட்டில், 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அத்திரளைக் கரைத்துவிடுவதால்தான் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்புகிறது. கரு தங்கிவிட்டாலோ, அது விடுக்கும் ஒரு சமிக்ஞை அந்தச் சுரப்பைத் தடுத்துத் திரளைக் காக்கிறது. முதல் ஐந்து மாதங்கள் கன்று கருப்பையில் நிலைத்திருப்பது பெரிதும் அத்திரளின் துணையால்தான். எங்கள் மாட்டின் உடல் நூறு நாளாகக் காத்து வந்ததை அந்த ஊசி கரைத்துவிட்டது.

மருந்தின் மேல் குறையில்லை. சினை இல்லை என்று கையால் பார்த்து உறுதி செய்து, திரள் முதிர்ந்திருக்கும் மாட்டுக்குப் பருவத்தை வரவழைக்க மருத்துவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். பருவம் முடிந்த முதல் நான்கைந்து நாளில் போட்டால் பயனில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். சினை மாடுகளிலும் சில, பருவ அறிகுறி காட்டுவதுண்டு என்பதால், கத்தலையும் வழும்பையும் மட்டும் நம்பி இந்த ஊசியைப் போடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

இன்னொன்று என்னை இன்றும் நடுங்க வைக்கிறது. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மருமகளிடம்தான் அந்த மனிதர் திறந்த குப்பியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். இம்மருந்து தோல் வழியாகவும் உடலில் சேரும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது. நல்லவேளையாக அவள் கையில் சிந்தவில்லை.

ஊசி போட்டவரிடம் போன் செய்து கேட்டதற்கு, "ஒங்க மாட்டுக்கு வேற நோய் இருந்திருக்கும்" என்றார். அதன்பின் எடுப்பதே இல்லை. குப்பியையும், சினை ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையையும் வைத்துக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்துள்ளோம். இதற்கிடையில் நேற்று முன்தினம் அவர் பக்கத்துத் தெருவில் ஒரு கிடேரிக்கு ஊசி போட வந்திருந்தார். அந்த வீட்டாரும் சினை பார்த்திருக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தடுத்து, கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்கு அழைக்கச் சொன்னேன்.