பாடத்தைக் குறைப்பதா, பருவத்தையே விடுவதா?

சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். (இளநிலைப் பட்டம்) படிப்பை வேலையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் சோர்ந்துவிட்டால் இரண்டு வழிகள்: அடுத்த பருவத்தில் ஒரே பாடம் எடுப்பது, அல்லது பருவத்தையே விடுவது. ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு 3 பருவங்கள். முடிக்க 8 ஆண்டுகள் வரை அவகாசம். 4 மாதம் விட்டால் குடிமுழுகிவிடாது.

ஒரு பாடம் என்றால் தொடர்பு அறாது. ஆனால் வாராந்திர ஒப்படைப்பிலிருந்து தப்ப முடியாது. இரவு ஒன்பதரைக்கு அலுவலகக் கூட்டம் முடிந்து, சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவைத்து, காணொலியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாதியில் கண் அசந்து, மறுபடி தொடக்கத்துக்கே இழுத்துவிடுகிற கூத்து தொடரும். நேரில் எழுதும் தேர்வுகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பலி.

பருவத்தை விட்டால் அந்த இரவுகள் மீளும். அவற்றை அலுவலகம் அபகரித்துக்கொள்ளும் அபாயம் உண்டு (பருவத்தை விட்டதை மேலாளரிடம் சொல்லாமலிருப்பது உத்தமம்). கணிதத்தில் விட்ட இடத்தைப் பிடிப்பதும் சிரமம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இச்சோர்வை (ஆங்கிலத்தில் ‘பர்ன்அவுட்’) பணியிடம் சார்ந்ததாகவே வரையறுத்தது: களைப்பு, வேலைமீது கசப்பு, திறன் குன்றுதல். வெறும் களைப்புக்குப் பாடத்தைக் குறைத்தால் போதும். கசப்பும் சேர்ந்துவிட்டதென்றால், பருவத்தை விடுவதுதான் என் கட்சி. கூடவே வேலை நேரத்தைப் பற்றியும் மேலாளரிடம் பேசியாக வேண்டும்.